காற்றைக் குறைத்தால் கொதிக்கும் டயர்

பள்ளி விடுமுறையும் அக்னி நட்சத்திரமும் சேர்ந்து வரும் மே மாதத்தில், செகந்திராபாத்தின் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கமுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பத் தயாராகும். ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் காரை எடுப்பார்கள். இன்ஜின் ஆயில் மாற்றியாயிற்று, ஏசி பார்த்தாயிற்று, கூலண்ட் நிரப்பியாயிற்று. மிச்சம் காற்று பிடிக்க வேண்டியதுதான். பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிப்பவர், டிக்கியில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் பார்த்துவிட்டு அக்கறையோடு ஒரு யோசனை சொல்வார்: "கர்மி ஹை சாப், ஹவா தோடா கம் ரக்கோ." வெயில் காலம், காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். சேலத்திலோ திருச்சியிலோ நிறுத்தினாலும் இதே யோசனை தமிழில் கிடைக்கும்.

அதில் ஒரு நியாயமும் தெரிகிறது. சூடேறினால் காற்று விரியும் என்று எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். நாற்பது டிகிரி வெயிலில் தார்ச்சாலையில் மணிக்கணக்காக ஓடும் டயருக்குள் காற்று விரிந்தால் டயர் வெடிக்காதா? முன்கூட்டியே கொஞ்சம் இடம் விட்டு வைப்பதுதானே புத்திசாலித்தனம்?

ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணின் ஓரத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். காரைச் செய்த நிறுவனமே ஒட்டியது. அதில் பெரும்பாலும் இரண்டு வரிசை எண்கள்: ஓரிருவர் மட்டும் போகும்போது இவ்வளவு, முழுச் சுமையோடு போகும்போது இவ்வளவு. முழுச் சுமைக்கான எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். வெயில் காலத்துக்கென்று குறைத்து ஒரு வரிசை எங்கும் கிடையாது. பங்க்கில் சொல்வதும் ஸ்டிக்கர் சொல்வதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். உயிர் சம்பந்தப்பட்ட இந்த விஷயத்தில் எது சரி என்று தெரிந்துகொண்டுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்த்துவிடலாம். வாயுக்கள் சூட்டில் எப்படி விரிகின்றன என்பதை 1787 வாக்கில் பிரான்ஸின் ஜாக் சார்லஸ் ஆராய்ந்தார். 1802-இல் கே-லுசாக் அதை அளந்து வெளியிட்டார். டயர் பெரிதாக உப்ப முடியாத கூடு. எனவே விரிய இடம் கிடைக்காத காற்றின் அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்ல இரண்டு திருத்தங்கள் வேண்டும். காற்றழுத்த மானியில் தெரியும் எண் முழு அழுத்தம் இல்லை. பஞ்சரான டயரில் மானி பூஜ்யம் காட்டினாலும், அதற்குள்ளும் ஊர்க்காற்று இருக்கத்தான் செய்கிறது. ஹைதராபாத்தில் அதன் அழுத்தம் சுமார் 14 பிஎஸ்ஐ. மானியில் 32 என்றால் உள்ளே உண்மையில் 46. அடுத்து, வெப்பநிலையைப் பனிக்கட்டி உருகும் புள்ளியிலிருந்து எண்ணக் கூடாது. அதற்கும் 273 டிகிரி கீழேயுள்ள அடித்தளத்திலிருந்து எண்ண வேண்டும். இதைத் தனிவெப்பநிலை என்பார்கள். மே மாத விடியற்காலையின் 27 டிகிரி, அந்தக் கணக்கில் 300. மதிய வெயிலில் ஓடும் டயருக்குள் காற்று 70 டிகிரியைத் தொட்டால் அது 343. ஏழில் ஒரு பங்கு உயர்வு. 46-இல் ஏழில் ஒரு பங்கு ஆறரை. ஆக, காலையில் 32 காட்டிய மானி மதியம் 38 அல்லது 39 காட்டும்.

பயப்பட வேண்டிய எண்ணா இது? கார் டயரின் பக்கச்சுவரைக் கூர்ந்து பார்த்தால், அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் 44 என்றோ 51 என்றோ அச்சாகியிருக்கும். அதுவும் குளிர்ந்த நிலையில் நிரப்புவதற்கான வரம்புதான். நல்ல நிலையிலுள்ள டயரை வெறும் காற்றழுத்தத்தாலேயே கிழிக்க வேண்டுமானால் நூறு பிஎஸ்ஐ-யையும் தாண்டிப் போக வேண்டும். வெயிலில் ஏறும் ஆறு ஏழு பிஎஸ்ஐ அதற்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியானால் கோடையில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கிடக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் பட்டைகள் எங்கிருந்து வருகின்றன?

காரின் எடையைத் தாங்குவது ரப்பர் என்று தோன்றும். உண்மையில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,400 கிலோ உள்ள கார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ. 32 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ. அந்த எடையைத் தாங்க டயர் ஏறக்குறைய 155 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் தட்டையாக அழுந்த வேண்டும். இந்தத் தட்டையான இடத்தைத் தரைப்பதிவு எனலாம். காற்றை 28-க்கு இறக்கினால் எடை குறைந்துவிடாது. அதனால் தரைப்பதிவு 178 சதுர சென்டிமீட்டராகப் பெருகும். டயரின் அகலம் மாறாதென்பதால் பதிவு நீளத்தில்தான் வளரும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் டயர் முன்பைவிட ஆழமாக மடங்கி விரிகிறது.

எத்தனை முறை? பல கார்களில் வரும் 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுழல்கிறது. ஹைதராபாத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 630 கிலோமீட்டர். டயரின் ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பயணத்தில் மூன்று லட்சம் முறைக்கு மேல் மடங்கி நிமிர வேண்டும்.

மடங்கி நிமிர்வதில் என்ன கெடுதல்? இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தால் அது வெதுவெதுப்பாவது தெரியும், தளர்த்தினால் குளிரும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் காஃப் இதை உதட்டால் உணர்ந்து 1805-இல் எழுதிவைத்தார். குழந்தைப் பருவத்தில் அம்மையால் கண் பார்வையை இழந்தவர் அவர். தெர்மாமீட்டரைப் படிக்க முடியாதவரின் உதடு கண்டுபிடித்த உண்மை இது. இழுக்கும்போது வந்த சூடு தளர்த்தும்போது அப்படியே திரும்பப் போய்விட்டால் கணக்கு நேராகிவிடும். போவதில்லை. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசி, பின்னி, தயங்கித்தான் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. ரப்பரை வளைக்கச் செலவிட்ட ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வராமல் வெப்பமாகத் தங்கிவிடுகிறது. இந்தப் பண்பை மீள்தயக்கம் என்று சொல்லலாம். ரப்பர் பேண்டை விடாமல் வேகவேகமாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்த நிலையிலும் அது சூடாகவே இருக்கும். டயருக்குள் நடப்பதும் இதேதான். டயரைக் கொதிக்க வைக்கும் அடுப்பு முதன்மையாக வெயிலில் இல்லை, ரப்பருக்குள்ளேயே இருக்கிறது. காற்று குறையக் குறைய அந்த அடுப்பு பெரிதாகும்.

அப்படியானால் வெயிலுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஐந்தாம் வகுப்பில் எல்லோரையும் பாடாய்ப் படுத்திய தொட்டிக் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொன்று காலி செய்கிறது. மடங்கலில் பிறக்கும் வெப்பம் உள்ளே வரும் குழாய். ஓடும்போது மேலே படும் காற்று எடுத்துச் செல்லும் வெப்பம் வெளியே போகும் குழாய். இரண்டும் சமமாகும் மட்டத்தில் டயரின் வெப்பம் நிற்கும். ஜனவரியில் சுற்றிலும் உள்ள காற்று 20 டிகிரி என்றால் வெப்பம் சுலபமாக இறங்கிப் போகும். பல்நாட்டிலும் ராயலசீமையிலும் மே மாத மதியம் காற்றே 43 டிகிரி. தார்ச்சாலை அதைவிடச் சூடு. வெளியே போகும் குழாய் பாதி அடைபட்டுவிட்டது. இந்த நேரத்தில் காற்றைக் குறைத்து உள்ளே வரும் குழாயையும் அகலப்படுத்தினால் தொட்டி எந்த மட்டத்தில் போய் நிற்கும்?

இங்கேதான் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. டயர் சூடாகும்போது அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தோம். அழுத்தம் ஏறினால் டயர் விறைக்கும். விறைத்தால் மடங்கல் குறையும். மடங்கல் குறைந்தால் புதிதாகப் பிறக்கும் வெப்பமும் குறையும். இந்த அழுத்த ஏற்றம் டயர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழி. ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் தீர்மானித்த பொறியாளர்கள் இந்த ஏற்றத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏறிய காற்றைத் திறந்துவிடுவது அந்தப் பாதுகாப்பைப் பிடுங்குவதற்குச் சமம்.

ஸ்டிக்கரில் உள்ளது குளிர்ந்த நிலை அழுத்தம், டயர்க் கடைகளின் பேச்சில் 'கோல்ட் பிரஷர்'. அதை அளக்க, வண்டி சுமார் மூன்று மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும். அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. இதைத் தெரியாமல் பலரும் மாட்டிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். காலை ஆறு மணிக்குச் செகந்திராபாத்தில் கிளம்பி, அவுட்டர் ரிங் ரோடில் ஏறி, சம்ஷாபாத் தாண்டி ஜட்சர்லா பக்கம் ஒரு பங்க்கில் காற்று பார்க்கிறார்கள். அதற்குள் டயர் சூடேறி அழுத்தம் 32-இலிருந்து 36 ஆகியிருக்கும். இப்போதெல்லாம் பங்க்குகளில் இருப்பது டிஜிட்டல் காற்று இயந்திரம். அதில் 32 என்று வைத்துக் குழாயை வால்வில் மாட்டினால், டயருக்குள் 36 இருப்பதைக் கண்டு அது காற்றை ஏற்றாது. புஸ்ஸென்று வெளியே விடும். 32 வந்ததும் பீப் என்று சத்தம் போட்டு நிற்கும். எல்லாம் சரியாக முடிந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அந்த டயரின் குளிர்ந்த நிலை அழுத்தம் இப்போது 28 அளவுக்கு இறங்கிவிட்டது. முன்னால் கர்னூல், அனந்தபூர், முழு வெயில், முழுச் சுமை.

டேஷ்போர்டில் டயர் அழுத்தம் காட்டும் விளக்கு எச்சரிக்காதா? அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது பரிந்துரைத்த அழுத்தத்தில் கால் பங்கு குறைந்த பிறகு. 32 சொல்லப்பட்ட காரில் அந்த எல்லை 24. இந்த மாதிரி அமைப்பில் 28-இல் விளக்கு மௌனமாகவே இருக்கும்.

இந்த விளக்கு வந்த கதையிலேயே இந்த அறிவியலுக்கான பெரிய ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1990-களில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை கழன்று, வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அரசின் விசாரணையில் 271 மரணங்கள் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. விபத்துகள் நாடு முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை. டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா போன்ற வெப்ப மாநிலங்களில், அதுவும் கோடையில் குவிந்திருந்தன. போதாக்குறைக்கு, அந்த வண்டிக்கு ஃபோர்ட் பரிந்துரைத்தது 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தம். பிறகு அது 30-க்கு உயர்த்தப்பட்டது. டயரின் வடிவமைப்பிலும் ஓர் ஆலையின் தயாரிப்பு முறையிலும் குறைகள் இருந்தன என்று ஆய்வுகள் கூறின. குறையுள்ள டயர்கள்கூட அன்றாடம் உடையவில்லை, வெப்பம், சுமை, குறைந்த காற்று மூன்றும் கூடியபோதே பெரும்பாலும் உடைந்தன என்பது இங்கே கவனிக்க வேண்டியது. 2000 நவம்பரில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அதன் தொடர்ச்சியாக, அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. 2012-இல் அதே நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வு, கால் பங்குக்கு மேல் காற்று குறைந்த வண்டிகளில், விபத்துக்கு முன் டயர்க் கோளாறு இருந்ததற்கான வாய்ப்பு மூன்று மடங்கு என்று கண்டது.

டயரின் எந்த இடத்தில் முதலில் விட்டுப்போகிறது என்பதும் தெரிந்த விஷயமே. மேல்பட்டைக்கு அடியில் பித்தளை பூசிய எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு வார்கள் ஓடுகின்றன. பித்தளையிலுள்ள தாமிரமும் ரப்பரிலுள்ள கந்தகமும் சேர்ந்துதான் கம்பியையும் ரப்பரையும் ஒட்டவைக்கின்றன. வார்களின் விளிம்பு, டயரின் தோள் பகுதியில் வருகிறது. மடங்கலும் வெப்பமும் அதிகமாவது அங்கேதான். அங்கே மயிரிழையாகத் தொடங்கும் விரிசல் கம்பி வரிசையோடு ஊர்ந்து வளர்கிறது. வேகம் மிக அதிகமானால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். தரையில் அழுந்திய பகுதி நிமிர்ந்து முடிப்பதற்குள் மறுபடி தரைக்கு வந்துவிடும். தரைப்பதிவுக்குப் பின்னால் டயரின் மேல் அலைகள் எழுந்து நிற்கும். நிலை அலை எனப்படும் இதை, சோதனைக்கூடங்களில் டயரைப் பெரிய எஃகு உருளைமேல் ஓட்டி அதிவேகக் கேமராவில் படம் எடுத்திருக்கிறார்கள். பார்க்கும்போது ரப்பர் திரவம்போல நெளியும். அந்த நிலைக்குப் போன டயர் நிமிடக்கணக்கில் சிதைந்துவிடும். குறைந்த காற்று, இந்த அலை எழும் வேகத்தைக் கீழே இறக்குகிறது.

"நான் காற்று சரியாகத்தான் வைத்திருந்தேன், இருந்தும் வெடித்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ரப்பருக்கு ஞாபகம் உண்டு. போன வாரம் மெதுவான பஞ்சரோடு நாற்பது கிலோமீட்டர் ஓடிய டயரில், இன்று சரியான காற்று நிரப்பினாலும் உள்ளே விட்ட ஒட்டு மறுபடி ஒட்டாது. பஞ்சர் கடையில் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றும்போது உள்ளே கரித்தூள்போல ரப்பர்ப் பொடி கொட்டினாலோ, உட்சுவரில் வட்டமாக ஒரு தேய்ந்த வளையம் தெரிந்தாலோ, அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். வெளியே மேல்பட்டையின் பட்டன்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை நீண்ட பயணத்துக்கு நம்பக் கூடாது.

பட்டன் ஆழம் ஏமாற்றும் இன்னொரு இடம், வயது. மாதாப்பூருக்கும் கச்சிபௌலிக்கும் அலுவலகம் போய்வருவதோடு நின்றுவிடும் காரில், ஏழு ஆண்டுகள் கழித்தும் டயர் புதிதுபோலத் தெரியலாம். ஆனால் அழுத்தத்தில் அடைபட்ட ஆக்சிஜன் உள்ளிருந்து ரப்பருக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கிறது; ரப்பர் கெட்டிப்படுகிறது; வெப்பமான ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபீனிக்ஸ் என்ற பாலைவன நகரத்தின் கார்களிலிருந்து டயர்களைச் சேகரித்து வெட்டிப் பார்த்தபோது, ஓடாமலே கிடந்த ஸ்டெப்னிகளின் ரப்பரும் காலப்போக்கில் சீர்கெட்டிருந்தது. பிறந்த தேதி பக்கச்சுவரிலேயே இருக்கிறது: நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள். 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ஐந்து ஆண்டுகள் கடந்தால் ஆண்டுதோறும் ஒரு நிபுணரிடம் காட்டுங்கள், பத்தாண்டுக்கு மேல் எந்நிலையிலும் வேண்டாம் என்பது பெரிய டயர் நிறுவனங்கள் சிலவற்றின் பரிந்துரை. ஹைதராபாத் வெயிலுக்குப் பத்து மிகத் தாராளம்.

நைட்ரஜன் போட்டால் இந்தக் கவலையெல்லாம் இல்லை என்று கடைகளில் சொல்வார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் விரிவதிலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஈரப்பசை இல்லாதது, ஆக்சிஜன் இல்லாதது ஆகிய இரண்டும் சிறு நன்மைகள். மாதாமாதம் அழுத்தம் பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச்சாலை 2012-இல் திறக்கப்பட்டபின், கோடை டயர் வெடிப்புகளுக்குப் பலரும் அதன் சிமெண்ட் தளத்தையே குற்றம் சொன்னார்கள். வெளிர் நிறமான சிமெண்ட், வெயிலில் தாரைவிடக் குறைவாகவே சூடாகும். சந்தேகப்பட வேண்டியது தளத்தை அல்ல, இடைவிடாத வேகத்தை. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஆறிப் பழகிய டயர், அங்கே ஒன்றரை மணி நேரம் ஆறவே இடமின்றி மடங்கிக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத்தின் 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடில் 2023-இல் வேக வரம்பு 120 ஆக்கப்பட்டது. அங்கும் இதே கணக்கு பொருந்தும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டீ குடிக்க நிறுத்துவது ஓட்டுநருக்கு மட்டுமல்ல, டயருக்கும் ஓய்வு.

கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையில் சாமான்களை ஏற்றிவிட்டு, மறுநாள் விடியலில் வண்டியை நகர்த்தும் முன் சொந்த மானியால் ஐந்து டயர்களையும் பார்ப்பது சிறந்தது. கையில் பிடிக்கும் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆட்களும் சாமானும் நிறைந்திருந்தால் ஸ்டிக்கரின் முழுச் சுமை வரிசையைப் பின்பற்ற வேண்டும். ஐந்தாவது டயரைப் பலர் மறக்கிறார்கள். சும்மா கிடக்கும் டயரும் மாதத்துக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ இழக்கும். ஓராண்டு கழித்து அவசரத்துக்கு எடுக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தம் குறைந்திருக்கலாம். புதிய கார் வாங்கியவர்கள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்றே பார்த்துக்கொள்வது நல்லது. அழுத்தக் கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருந்தால் டியூப்லெஸ் டயர் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் இந்திய விதி திருத்தப்பட்டது.

வழியில் மதியம் மானி வைத்து 38 என்று பார்த்தால் கைவைக்க வேண்டாம். ஆனால் நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நான்கைந்து எண் குறைவாகக் காட்டினால் அங்கே கசிவு இருக்கிறது. உடனே பஞ்சர் கடையைத் தேட வேண்டும். சென்னை போய்ச் சேர்ந்து, வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு பார்த்தால், ஹைதராபாத்தில் வைத்ததைவிட ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறைவாகத் தெரியலாம். அது கசிவாக இருக்க வேண்டியதில்லை. ஹைதராபாத் கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை என்பதால் அந்த அளவு கழிந்துவிடுகிறது. அந்த ஒரு பிஎஸ்ஐ-யை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது மாம்பழக் கூடையும் அரிசி மூட்டையும் ஏறியிருக்கும். அந்தக் காலையிலும் முழுச் சுமை வரிசையை வைத்தே ஐந்தையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.